கியரை எப்போது மாற்றுவது? பெர்த்தா அம்மையார் முதல் நம் தொப்பூர் வரை



சென்ற வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு கேள்வி வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார். "சார், வண்டி சீக்கிரம் வேகம் எடுக்கணும்னா கியரை எப்ப மாத்தணும்? டார்க் அதிகமா இருக்கிற ஆர்.பி.எம்.லயா, இல்ல சிவப்புக் கோடு வரைக்கும் இழுத்துட்டா?" என்று கேட்டிருந்தார். கீழே ஆளுக்கு ஒரு பதில். அந்தக் கூட்டத்தில் லாரி வைத்துத் தொழில் செய்யும் இன்னொரு மாணவர், "அதை விடுங்க சார். தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல் போட்டு விட்டா டிரிப்புக்கு எவ்வளவு டீசல் மிச்சம்னு கேளுங்க, நான் சொல்றேன்" என்று எழுதினார். எட்டுப் பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். முதல் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அந்தக் கைதட்டலைப் பார்த்த பிறகுதான் விரிவாக எழுத உட்கார்ந்தேன்.

நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். இயற்பியல் வாத்தியார் வரலாறு எழுத வந்துவிட்டார் என்று நம் வரலாற்று ஆசிரியர் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கியர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதை எப்போது மாற்றுவது என்று சொன்னால் அது வெறும் மனப்பாடம்தான்.

முதலில் ஒரு விஷயம். நீராவி எஞ்சினுக்குக் கியர் பெட்டி தேவைப்படவில்லை. சேலம் ஜங்ஷனில் நின்ற பழைய கரி வண்டியை நினைத்துப் பாருங்கள். அசையாமல் நிற்கும்போதே பிஸ்டனை நீராவி முழு அழுத்தத்தில் தள்ளும். அதனால் இழுவை அதிகமாக இருப்பதே புறப்படும் நொடியில்தான். இன்றைய மின்சார மோட்டாரும் ஏறத்தாழ அப்படித்தான். பெட்ரோல், டீசல் எஞ்சினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நின்றுபோனால் அது செத்துப்போகும். நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றாவது சுற்றிக்கொண்டே இருந்தால்தான் உயிர். நல்ல பலம் வருவதோ அதற்கும் பல மடங்கு மேலே, ஒரு குறுகிய சுற்று எல்லைக்குள். சக்கரம் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும், எஞ்சினோ பூஜ்யத்துக்கு வரவே கூடாது. இந்தப் பொருத்தமில்லாத கல்யாணத்தை நடத்திவைக்கும் தரகர்கள்தான் கிளட்சும் கியரும்.

இதை முதலில் உடம்பால் உணர்ந்தவர் ஒரு பெண். கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வண்டி ஓடியது, வாங்கத்தான் ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல், மான்ஹைமிலிருந்து தன் தாய் வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியிலேயே கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். சமவெளியில் சிக்கல் இல்லை. மேடு வந்த இடங்களில் வண்டி திணறியது, இறங்கித் தள்ளினார்கள். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்துபோனது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடிக்க வைத்தார். திரும்பி வந்து கணவரிடம் சொன்ன முக்கியமான குறை, மேடு ஏற இன்னொரு கீழ் கியர் வேண்டும் என்பது. இந்த அம்மையாரின் பயணத்தில் ஏற்றம், இறக்கம் இரண்டும் இருந்ததைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொப்பூருக்குப் போகும்போது அது தேவைப்படும்.

இன்று நாம் அறிந்த கியர் பெட்டியின் உருவம் 1890-களின் தொடக்கத்தில் பிரான்சில் பனார் – லெவஸ்ஸோர் நிறுவனத்தில் வந்தது. பல அளவுப் பல்சக்கரங்களை ஒரு தண்டில் கோத்து, அதை நகர்த்தி எதிர்த் தண்டில் இருக்கும் பல்சக்கரத்தோடு கோப்பது. சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு பல்சக்கரங்களை ஒன்றோடொன்று முட்டவிட்டால் என்ன சத்தம் வரும்! இது முரட்டு வழிதான், ஆனாலும் வேலை நடக்கிறது என்ற பொருளில் எமில் லெவஸ்ஸோரே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 1898-இல் லூயி ரெனோ என்ற இருபத்தொரு வயது இளைஞர், மேல் கியரில் பல்சக்கரங்களின் இடையீடு இல்லாமல் எஞ்சின் சுழற்சி நேராகப் பின்னால் போகும்படி அமைத்தார். நம் டிரைவர்கள் "டாப் கியர்" என்று சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருக்குமே, அதன் தோற்றம் அங்கேதான். அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் டி வேறு வழியில் போனது. கிரக கியர், இரண்டே வேகம், கால் மிதியாலேயே மாற்றலாம்.

பல்சக்கரங்கள் முட்டும் பிரச்சினைக்குத் தீர்வு 1928-இல் வந்தது. அமெரிக்காவின் காடிலாக் கார்களில், ஏர்ல் தாம்ப்சன் என்பவர் வடிவமைத்த சின்க்ரோமெஷ் அறிமுகமானது. பல் கோக்கும் முன்பே இரண்டு கூம்புப் பரப்புகள் உரசி, இரண்டு பக்கத்தின் சுழற்சியையும் சமமாக்கிவிடும். பிறகு பல் அமைதியாக உள்ளே போகும். இன்று கார் ஓட்டும் நீங்கள் யாரும் கியர் கோப்பதைப் பற்றி யோசிப்பதே இல்லை என்றால், அதற்கு அந்தக் கூம்புதான் காரணம்.

ஆனால் அந்தக் கூம்பு நம் ஊர் லாரிக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்த இடைவெளிக் காலம்தான்.

நம் பகுதியில் மோட்டார் தொழிலுக்கு முன்னோடி என்றால் கோவை ஜி.டி. நாயுடுவைச் சொல்ல வேண்டும். 1920-இல் ஒரே ஒரு பேருந்தை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கியவர். சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1955-இல் அது இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்து அசோக் லேலண்ட் ஆனது. 1954-இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா – மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள் வரத் தொடங்கின. நம் பெரியவர்கள் வாயில் "பென்ஸ் வண்டி" என்றால் சொகுசுக் கார் இல்லை, நெல் மூட்டையும் சிமெண்டும் ஏற்றும் லாரி.

இந்த இரண்டு வண்டிகளும் நம் மண்ணின் தலையெழுத்தையே மாற்றின. மழையை நம்பிய மானாவாரி நிலம், வற்றும் கிணறு, கிடைத்தால் சோளம், இல்லாவிட்டால் கடன் என்று இருந்த குடும்பங்கள் நிலத்தை அடகு வைத்து ஒரு லாரி வாங்கின. சேலத்தில் மேக்னசைட் சுரங்கம், சங்ககிரியில் 1960-களில் வந்த சிமெண்ட் ஆலை என்று லோடும் கிடைத்தது. அண்ணன் டிரைவர், தம்பி கிளீனர், அப்பா கணக்கு. பத்து ஆண்டில் இரண்டு வண்டி, இருபது ஆண்டில் ஐந்து. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. திருச்செங்கோடு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போர் போடப் போயின. தென்னிந்தியாவின் கேஸ் டேங்கர் உரிமையாளர்களின் சங்கம் நாமக்கல்லில் உட்கார்ந்திருக்கிறது. 1997 ஜனவரி 1-ஆம் தேதி சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது முட்டையும் லாரியும்தான் அதன் அடையாளம். இந்தப் பதிவைப் படிப்பவர்களில் பாதிப் பேரின் கல்லூரிக் கட்டணம் ஏதோ ஒரு லாரியின் கியர் பெட்டி வழியாக வந்ததுதான். மறுக்க முடியுமா?

அந்தப் பழைய லாரிகளில் கியர் மாற்றுவது ஒரு வித்தை. "டபுள் கிளட்ச்" என்பார்கள். மேல் கியருக்குப் போக, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கிளட்சை விட்டுவிட்டு, எஞ்சினின் சுற்று இறங்கும் வரை ஒரு மூச்சு நேரம் காத்திருக்க வேண்டும். மறுபடி கிளட்ச், அப்புறம்தான் அடுத்த கியர். கீழ் கியருக்கு இறங்குவதானால் இன்னும் கஷ்டம். நியூட்ரலில் இருக்கும் அந்த நொடியில் ஆக்சிலேட்டரை ஒரு உலுக்கு உலுக்கி எஞ்சின் சுற்றை ஏற்றிவிட்டுத்தான் கோக்க வேண்டும். எவ்வளவு ஏற்றுவது? மீட்டர் கிடையாது. இருந்தாலும் வேலை செய்யாது. காதுதான் மீட்டர். கொஞ்சம் தவறினாலும் "கர்ர்ர்" என்று ஊருக்கே கேட்கும். கிளீனர் பையன் சிரித்துவிட்டால் டிரைவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

என் பெரியம்மா மகன், எங்களுக்கெல்லாம் அண்ணன், ஆறு வருடம் கிளீனராக இருந்துவிட்டுத்தான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். வண்டி கழுவி, டயர் தட்டிப் பார்த்து, இரவெல்லாம் டிரைவர் தூங்காமல் இருக்கப் பேச்சுக் கொடுத்து, அந்த ஆறு வருடமும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் அவர் படித்த படிப்பு. லீவில் அவரோடு நான் போயிருக்கிறேன். "கண்ணு, வண்டி கேக்கும். அது கேக்கறப்பத்தான் கியரைக் குடுக்கோணும். நாமளா குடுத்தா வாங்காது" என்பார். சில சமயம் கிளட்சே மிதிக்காமல், சத்தத்தை வைத்து மட்டும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மாற்றுவார். இரண்டு தண்டுகளின் கோண வேகம் சமமாகும் கணத்தை அவர் காதால் கண்டுபிடித்தார் என்று பிற்பாடு பி.எஸ்சி. படிக்கும்போது எனக்குப் புரிந்தது. அவரிடம் சொன்னேன். "அதுக்கு இத்தனை பேரா?" என்றார்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் படித்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். திறன் என்பது விசை பெருக்கல் வேகம். அப்படியானால் விசை என்பது திறன் வகுத்தல் வேகம். சாலையில் வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் அந்த நொடியில் அதை முன்னால் தள்ளும் விசையைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு திறன் தருகிறது. எந்த கியர் என்பது கேள்வியே இல்லை. எந்த கியரில் இருந்தால் எஞ்சின் அதிகத் திறன் தருமோ, அந்த கியரில்தான் முடுக்கம் அதிகம்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. சாதாரண பெட்ரோல் கார் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். எஞ்சின் 2,800 சுற்றில் 28 குதிரைத்திறன், 3,500-இல் 36, 4,000-இல் 42, 5,000-இல் 51, 6,000-இல் 55, அதற்குமேல் மூச்சு வாங்கி 6,500-இல் 52. 6,500-தான் சிவப்புக் கோடு. திறனைச் சுற்றால் வகுத்துப் பாருங்கள், திருப்பு விசை, அதாவது டார்க், உச்சத்தில் இருப்பது 4,000 பக்கம் என்று தெரியும். இரண்டாம் கியர் விகிதம் 2, மூன்றாம் கியர் 1.4. ஆகவே இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் எஞ்சின் சுற்று பத்துக்கு ஏழாகக் குறையும்.

குழுவில் பலர் சொன்னபடி டார்க் உச்சமான 4,000-இல் மாற்றுகிறீர்கள். சுற்று 2,800-க்கு விழும். 42 குதிரை இழுத்த வண்டியை இப்போது 28 குதிரை இழுக்கிறது. மூன்றில் ஒரு பங்கு இழுவை ஒரே நொடியில் காணாமல் போயிற்று! 5,000-இல் மாற்றினால் 51-இலிருந்து 36. 6,000-இல் மாற்றினால் 4,200 சுற்றுக்கு வரும், 55-இலிருந்து ஏறத்தாழ 44. 6,500-இல் மாற்றினாலும் 4,550 சுற்றில் 47 சொச்சம்தான். விட்டுவந்த 52-ஐவிடக் குறைவு. அதாவது இந்த வண்டியில் சிவப்புக் கோடு வரை இரண்டாம் கியரை விடவே கூடாது. திறன் உச்சத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கிய பிறகு மாற்ற வேண்டும். மாற்றியதும் எஞ்சின் மலையின் இந்தப் பக்கச் சரிவில், முடிந்தவரை உயரத்தில் போய் உட்கார வேண்டும்.

மேல் கியர்களில் விகிதங்கள் நெருங்கி வரும். நான்கிலிருந்து ஐந்துக்குச் சுற்று பத்துக்கு எட்டாகத்தான் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,500-இல் மாற்றினால் 5,200-க்கு வரும், அங்கேயும் ஏறக்குறைய 52 குதிரை. இரண்டு பக்கமும் சமம். அந்தச் சமமான புள்ளிதான் நீங்கள் கேட்ட விடை, தம்பி. கீழ் கியர்களில் அந்தப் புள்ளி பெரும்பாலும் சிவப்புக் கோட்டுக்கு அப்பால் போய்விடும், ஆகவே சிவப்புக் கோடே எல்லை. டர்போ டீசல் காரில் கதை கொஞ்சம் மாறும். உச்சத்துக்குப் பிறகு திறன் பொத்தென்று விழும்; அதைக் கடைசி வரை இழுத்தால் சத்தம்தான் மிச்சம், உச்சத்தைக் கொஞ்சம் தாண்டியதுமே மாற்றிவிடலாம்.

அப்படியானால் டார்க் உச்சம் என்பது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. ஒரே கியரில் வைத்துப் பார்த்தால் இழுவை அதிகம் உள்ள இடம் அதுதான். ஆனால் கேள்வி ஒரு கியருக்குள் எங்கே அதிகம் என்பதல்ல. இந்த கியரா, அடுத்த கியரா என்பது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை சண்டை.

இந்தக் கணக்கை நம் தமிழ்நாட்டில் தொழிலாகவே செய்து பார்த்தவர்கள் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1950-களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. வீட்டுக்குப் பயன்பட்ட ஃபியட்டையும் அம்பாசடரையும் பிரித்து மேய்ந்து ஓட்டினார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே வந்தது. அதற்குச் சற்று முன்பு கோவையில் கரிவரதன் என்பவர், மில் முதலாளி குடும்பத்துப் பிள்ளை, மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி. 796 சி.சி., மூன்று சிலிண்டர், நாற்பது குதிரைகூட இல்லாத எஞ்சின்! ஆனால் அதுதான் நல்ல பள்ளிக்கூடம். பெரிய எஞ்சின் உள்ளவன் கியரைத் தப்பாக மாற்றினாலும் சமாளித்துவிடுவான். சிறிய எஞ்சினில் ஒரு முறை சீக்கிரம் மாற்றினால் அடுத்த வளைவு வரை அதற்கு வட்டி கட்ட வேண்டும். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்று ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 18,000 சுற்றைத் தாண்டும். கிளட்ச் மிதித்துக் கம்பியைப் பிடித்து இழுக்கும் வேலையே அதில் கிடையாது. ஃபெராரி 1989-இல் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டும் கியரைக் கொண்டுவந்து, முதல் பந்தயத்திலேயே, பிரேசிலில், நைஜல் மான்செல் ஜெயித்துக் காட்டினார். பிறகு எல்லா அணியும் அதற்கே போயின. நம் ஊர்க் கார்களிலும் 2014-இல் மாருதி செலேரியோ மூலம், கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. வந்துவிட்டது. இப்போது லாரிகளிலும் வருகிறது. அண்ணன் காது செய்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இரவு இரண்டு மணிக்குக் களைத்த காலுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று நான் பார்த்திருக்கிறேன்.

பந்தயம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயம். தினசரி ஓட்டத்தில் சிவப்புக் கோடு வரை போனால் பெட்ரோல் பங்க்காரர்தான் சந்தோஷப்படுவார். ஆனால் ஒரே ஓர் இடத்தில் இந்தக் கணக்கு உயிர் சம்பந்தப்பட்டது: முந்துவது. சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டை போனவர்களுக்குத் தெரியும், நான்கு வழியாக வந்த சாலை புறவழிச்சாலைகளில் இரண்டு வழியாகச் சுருங்கிய இடங்களில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று. டாப் கியரில் 60-இல் ஒரு டிரெய்லரின் பின்னால் போகிறோம். எதிரே இடைவெளி தெரிந்ததும் ஐந்தாம் கியரிலேயே ஆக்சிலேட்டரை அழுத்துகிறோம். எஞ்சின் 2,000 சுற்றில் கிடக்கிறது, கையில் இருக்கும் திறனில் பாதிகூட வருவதில்லை. டிரெய்லரோ நீண்டுகொண்டே போகிறது. முந்தத் தொடங்கும் முன்பே மூன்றுக்கு இறங்கியிருக்க வேண்டும். முந்தி முடித்து நம் பக்கத்துக்கு வரும் வரை அதை விடவும் கூடாது. எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போது கியர் மாற்றினால் அந்த அரை நொடி வண்டியைத் தள்ள யாரும் இல்லை, மாற்றிய பிறகும் இழுவை குறைவு. எஞ்சின் கத்தினால் கத்தட்டும். அதற்கு வலிக்காது.

இனி லாரிக்காரத் தம்பிக்கு.

ஏற்றத்தில் கியரைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் பாடம் தேவையில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் நம் பேருந்து ஓட்டுநர்கள் செய்வதைப் பார்த்தாலே போதும். வளைவுக்கு முன்பே கீழ் கியர், திரும்பும்போது கை ஸ்டீயரிங்கில் மட்டும். சிக்கல் இறக்கத்தில்தான். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது தொப்பூர் கணவாயில் சாலை இறங்கிக்கொண்டே வருகிறது. 25 டன் லாரி நூறு மீட்டர் உயரம் இறங்கினால் எவ்வளவு ஆற்றல் வெளியேற வேண்டும்? நிறை, புவியீர்ப்பு, உயரம், மூன்றையும் பெருக்குங்கள். இரண்டரைக் கோடி ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. எண்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கைத் தின்னும். மீதி எங்கே போவது? கியரில் இருந்தால் எஞ்சின் பெரும்பங்கைத் தாங்கும். நியூட்ரலில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. மொத்தச் சூடும் பிரேக் டிரம்மில். டிரம் சூடேறி விரிந்து, லைனிங் பிடிப்பை இழக்கும். மிதித்தால் பிரேக் போகும், ஆனால் வண்டி நிற்காது. அந்த வேகத்தில் கீழ் கியரைத் திரும்பக் கோக்கவும் முடியாது. பெர்த்தா அம்மையாரின் மரக்கட்டைக்குத் தோல் அடிக்க ஒரு செருப்புத் தைப்பவர் கிடைத்தார். தொப்பூரில் முன்னால் போகும் காரும் வேனும்தான் கிடைக்கின்றன. செய்தித்தாளில் எத்தனை முறை படித்துவிட்டோம்!

டீசல் மிச்சம் என்கிறீர்கள். மெல்லிய சரிவில், பிரேக்கே தேவைப்படாத இடத்தில், நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும் என்பது உண்மைதான். அங்கே சொட்டு மிச்சம் ஆகலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரேக் மிதித்துக்கொண்டே இறங்கும் செங்குத்தில் கணக்கு தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சுற்று ஐடிலுக்கு மேல் இருக்கும் வரை பம்பு டீசலை நிறுத்திவிடும். பழைய பம்பும் அப்படித்தான், இன்றைய எலக்ட்ரானிக் பம்பும் அப்படித்தான். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, டீசல் செலவு இல்லை. நியூட்ரலிலோ எஞ்சின் தன் உயிரைக் காக்கத் தானே டீசல் குடித்துக்கொண்டிருக்கும். சாவியையே அணைத்துவிடுகிறார்கள் சிலர். அப்போது ஏர் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நின்றுபோகும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகிப்போகும். எதை மிச்சம் பிடித்தோம்?

உங்கள் வண்டிகளில் எக்சாஸ்ட் பிரேக் இருக்கிறதல்லவா? காசு கொடுத்து வாங்கியது. கியரில் இருந்தால் மட்டுமே அது வண்டியைப் பிடிக்கும். நியூட்ரலில் அது வெறும் சுவிட்ச். அண்ணன் காலத்து டிரைவர்கள், ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில்தான் அந்த இறக்கத்தில் இறங்குவார்கள், அதுவும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுக்கொண்டு.

உங்கள் டிரைவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கணக்கில் சந்தேகம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாங்க. கரும்பலகை இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது.